கணிதத் தேர்வுக்குப் பின் விடைகளை ஒப்பிட்டால் மதிப்பெண் தெரியுமா? சிபிஎஸ்இ மதிப்பீடும் தரநிலையும் அமையும் விதம்

புது தில்லி: பொதுத் தேர்வுக் காலத்தில் மற்ற பாடங்களுக்குப் பின் அவ்வளவாகக் காணப்படாத ஒரு காட்சி, கணிதத் தேர்வு முடிந்ததும் மையங்களின் வாயிலில் தவறாமல் காணக் கிடைக்கிறது. வெளியே வரும் மாணவர்கள் வீட்டுக்குப் புறப்படுவதில்லை. மூன்று நான்கு பேராகக் கூடி நின்று வினாத்தாளை விரிக்கின்றனர். "முப்பத்திரண்டாவதுக்கு உனக்கு என்ன வந்தது?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் 6 என்கிறார். கேட்டவருக்கு வந்தது 54. அந்த ஒரு நொடியில் ஐந்து மதிப்பெண் போய்விட்டதாக அவர் முடிவு செய்துவிடுகிறார். வீடு சேர்வதற்குள் கூட்டிக் கழித்து, 90 என்றிருந்த எதிர்பார்ப்பு 75-க்கு இறங்கிவிடுகிறது. அடுத்த தேர்வுக்கான படிப்பு அன்று மாலை நடைபெறுவதில்லை.

வரலாற்றிலோ மொழிப்பாடத்திலோ இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லை. கணிதத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் இறுதி விடை இருப்பதால், ஒப்பிட்டால் மதிப்பெண் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுகிறது. ஆனால் நாட்டின் மிகப்பெரிய பள்ளித் தேர்வு அமைப்புகளுள் ஒன்றான மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மதிப்பீட்டு விதிகளைப் பார்த்தால், வாயிலில் நடக்கும் ஒப்பீட்டுக்கும் மதிப்பெண் பட்டியலில் வரும் எண்ணுக்கும் உள்ள தொடர்பு மாணவர்கள் நினைப்பதைவிட மெலிதானது என்பது புலப்படும். தரநிலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு இன்னும் மெலிதானது.

ஒரே தேர்வு, வெவ்வேறு வினாத்தாள்

முதலில் ஒரு சிறிய, ஆனால் அடிக்கடி மறக்கப்படும் செய்தி. அருகருகே அமர்ந்து எழுதிய இருவரின் வினாத்தாள்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு உயர்நிலைக் கணிதத் தாளின் குறியீடு 30 என்றும், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாளின் குறியீடு 65 என்றும் தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் மேலும் இரண்டு எண்களைக் கொண்டிருக்கும். அவ்வெண்கள் மாறினால் வினாக்களின் வரிசை மாறும். சில வினாக்களே மாறும். 'முப்பத்திரண்டாவது வினா' இருவருக்கும் ஒன்றா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் விடையை மட்டும் ஒப்பிட்டுக் கலங்குவோர் ஒவ்வோர் ஆண்டும் உள்ளனர். வேறு மண்டலத்தில் எழுதிய உறவினர் பிள்ளையுடன் தொலைபேசியில் ஒப்பிடுவது இதைவிடவும் பயனற்றது.

பத்தாம் வகுப்பில் இன்னொரு பிரிவும் உண்டு. 2020-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்விலிருந்து கணிதம் 'உயர்நிலை', 'அடிப்படை' என்ற இரு நிலைகளில் நடத்தப்படுகிறது. இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். வினாக்களின் கடுமை மட்டுமே வேறுபடும். அடிப்படைத் தாள் எழுதியவர் எளிது என்றார் என்பதற்காக உயர்நிலைத் தாள் எழுதியவர் மனம் தளரக் காரணம் இல்லை.

தாளின் அமைப்பு இரு வகுப்புகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், பள்ளி வழங்கும் அகமதிப்பீடு 20. மூன்று மணி நேரத்தில் 38 வினாக்கள். முதல் 20 வினாக்கள் ஒரு மதிப்பெண் வீதம். பின்னர் இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஐந்து, மூன்று மதிப்பெண் வினாக்கள் ஆறு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கு, இறுதியில் ஒரு சூழலை விவரித்து அதன்மேல் தொடுக்கப்படும் நான்கு மதிப்பெண் வினாக்கள் மூன்று. ஒரு மதிப்பெண் வினாக்களில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. விடையை ஒப்பிட்டு ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இந்த 20 மதிப்பெண்ணுக்கு மட்டுமே. எஞ்சிய 60 மதிப்பெண்ணுக்கு அளவுகோல் வேறு.

விடைக்கு மட்டுமல்ல, படிகளுக்கு

மேலே சொன்ன 6, 54 என்ற இரு விடைகளையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் பழக்கமான கணக்கு அது. நிலைநீரில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒரு படகு, 24 கி.மீ. தொலைவை நீரோட்டத்தின் திசையில் கடப்பதைவிட எதிர்த்திசையில் கடக்க ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன?

நீரோட்டத்தின் வேகத்தை 'வே' என்று கொண்டால், எதிர்த்திசையில் படகின் வேகம் 18-இலிருந்து வே-யைக் கழித்தது. உடன்திசையில் 18-உடன் வே-யைக் கூட்டியது. இரு பயண நேரங்களின் வேறுபாடு ஒன்று எனச் சமன்பாடு அமைத்துச் சுருக்கினால், வே-யின் வர்க்கத்துடன் 48 வே-யைக் கூட்டி 324-ஐக் கழித்தால் பூச்சியம் என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். தீர்வுகள் 6, எதிர்மறை 54. வேகம் எதிர்மறையாக இராது என்று காரணம் கூறி இரண்டாவதை நீக்கினால் விடை 6.

54 என்று எழுதியவர் பெரும்பாலும் செய்திருக்கக்கூடியது ஒரே ஒரு குறிப்பிழை. 48-க்கு முன் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி விழுந்துவிட்டால் தீர்வுகள் 54, எதிர்மறை 6 என்று தலைகீழாகிவிடும். (நீரோட்டம் மணிக்கு 54 கி.மீ. என்றால் அந்தப் படகு எதிர்த்துச் செல்லவே முடியாது என்பதை ஒரு கணம் நின்று பார்த்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். மூன்று மணி நேரத் தேர்வில் அந்த ஒரு கணம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.) இவருக்கு ஐந்து மதிப்பெண்ணும் போகுமா?

போகாது. வாரியம் மதிப்பீட்டாளர்களுக்கு வழங்கும் மதிப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு வினாவும் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அரை, ஒன்று, ஒன்றரை என மதிப்பெண் குறிக்கப்பட்டிருக்கும். அத்திட்டத்தின் பொது அறிவுரைகளில் ஒன்று இவ்விடத்தில் முக்கியமானது: ஒரு பிழையின் தொடர்விளைவுக்காக மீண்டும் மீண்டும் மதிப்பெண் குறைக்கக்கூடாது, பிழைக்கு ஒரே ஒரு முறைதான் குறைக்க வேண்டும். ஆகவே குறி மாறிய இடத்தில் மதிப்பெண் குறையும். இறுதி விடைக்குரிய பங்கும் போகலாம். ஆனால் சமன்பாட்டைச் சரியாக அமைத்ததற்கும், கிடைத்த இருபடிச் சமன்பாட்டை முறைப்படி தீர்த்ததற்கும் உரிய மதிப்பெண் நிற்கும். மறுபக்கம், படிகள் ஏதுமின்றி 6 என்று மட்டும் எழுதி மகிழ்ச்சியுடன் வீடு திரும்பியவர் முழு ஐந்தையும் எதிர்பார்க்க இயலாது. வாயிலில் நடந்த ஒப்பீட்டில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். விடைத்தாளில் அந்த இடைவெளி ஒன்றிரண்டு மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடலாம், தலைகீழாகவும் மாறலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இதைவிட வியப்பான ஒன்று நேர்கிறது: இருவரின் விடைகள் முற்றிலும் வேறாக இருந்தும் இரண்டுமே சரியாக இருக்கும். சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் ஆகியவற்றின் பெருக்கலைத் தொகையிடச் சொன்னால், ஒருவர் சைன் எக்ஸின் வர்க்கத்தில் பாதி என்று எழுதுவார். இன்னொருவர் காஸ் எக்ஸின் வர்க்கத்தில் பாதியை எதிர்மறைக் குறியுடன் எழுதுவார். மூன்றாமவருக்கு இரட்டைக் கோணத்தின் காஸ் மதிப்பில் கால் பங்கு, எதிர்மறைக் குறியுடன் வரும். மூன்றுடனும் தொகையிடல் மாறிலி சேர்ந்திருந்தால் மூன்றும் சரியே. ஒன்றுக்கொன்று ஒரு மாறிலி அளவே வேறுபடுகின்றன. சூத்திரத்தை அறியாமல் ஒப்பிடும் இருவர், அவர்களுள் ஒருவர் தவறு என்று முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் தன்னம்பிக்கை குறைந்தவர்தான் தன் விடை தவறு என்று ஏற்றுக்கொள்வார். மாற்று வழியில் சரியாகத் தீர்த்தவருக்கும் உரிய மதிப்பெண் வழங்க வேண்டும் என்பது மதிப்பீட்டாளர்களுக்கு உள்ள நிலையான அறிவுறுத்தல்.

மாணவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்திராத வேறு சில விதிகளும் அதே திட்டத்தில் உள்ளன. ஒரு வினாவை இருமுறை எழுதி எதையும் அடிக்காமல் விட்டிருந்தால், அதிக மதிப்பெண் பெறும் விடை கணக்கில் கொள்ளப்படும். பூச்சியம் முதல் 80 வரையிலான முழு அளவையும் பயன்படுத்த வேண்டும். தகுதியான விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் வழங்கத் தயங்கக்கூடாது. முதன்மைப் பாடங்களில் ஒரு மதிப்பீட்டாளர் நாளொன்றுக்கு 20 விடைத்தாள்களைத் திருத்துகிறார். முதல் நாளில் அவர் திருத்திய முதல் ஐந்து தாள்களைத் தலைமை மதிப்பீட்டாளர் பார்த்து, திட்டத்தின்படி மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளதா என உறுதி செய்த பின்னரே மற்றவை கொடுக்கப்படும். ஒரு பகுதியைத் திருத்தாமல் விடுதல், கூட்டலில் பிழை, உள்தாளிலிருந்து முகப்புத் தாளுக்கு மாற்றுகையில் பிழை ஆகியவற்றை வாரியமே பட்டியலிட்டு எச்சரிக்கிறது. இத்தகைய பிழைகள் முன்பு நேர்ந்துள்ளன என்பதற்கு அந்தப் பட்டியலே சான்று.

தேர்வு நாளன்றே இணையத்தில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வெளியிடும் விடைக்குறிப்புகளில் படிவாரியான மதிப்பெண் இருந்தாலும், அது அந்நிறுவன ஆசிரியரின் மதிப்பீடே. வாரியத்தின் மதிப்பீட்டுத் திட்டம் தேர்வு முடிந்த மாலையில் வெளியாவதில்லை.

தாள் கடினமாக இருந்தால் என்ன நடக்கும்?

'எல்லாருக்கும் கடினம்தானே, வாரியம் ஏதாவது செய்யும்' என்பது மாணவர்களின் இரண்டாவது ஆறுதல். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016 மார்ச் 14 அன்று நடைபெற்ற பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு நீளமாகவும் கடினமாகவும் இருந்ததாக எழுந்த புகார் நாடாளுமன்றம் வரை சென்றது. கருத்துகளை வல்லுநர் குழுவின் பார்வைக்கு வைத்து மதிப்பீட்டுக்கு முன் தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று வாரியம் அப்போது தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் கணிதத் தாள் குறித்தும் இதே குறை கூறப்பட்டிருந்தது.

இத்தகைய நிலைகளில் வாரியம் பயன்படுத்தி வந்த கருவி 'மாடரேஷன்' எனப்படும் மதிப்பெண் சீரமைப்பு. வினாவில் பிழையோ தெளிவின்மையோ இருந்து குறித்த நேரத்தில் எழுத இயலாமற்போனால் அதை ஈடு செய்வது, வெவ்வேறு வினாத்தாள்களுக்கு இடையேயான கடுமை வேறுபாட்டைச் சமன் செய்வது, மதிப்பீட்டில் ஒருமைப்பாட்டைக் கொண்டுவருவது ஆகியவை அதன் நோக்கங்கள். தேர்ச்சிக்கு ஓரிரு மதிப்பெண் குறைபவருக்கு அளிக்கப்படும் கருணை மதிப்பெண் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பரவலாக உள்ளது.

நாளடைவில் சீரமைப்பு அதன் நோக்கத்தை மீறி மதிப்பெண்களைப் பொதுவாக உயர்த்தும் வழியாகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. பல பாடங்களில் 95 என்ற ஒரே எண்ணில் வழக்கத்துக்கு மாறாக மாணவர்கள் குவிந்திருந்தது அதற்குச் சான்றாகச் சுட்டப்பட்டது. 2017 ஏப்ரலில் சிபிஎஸ்இயும் பல மாநில வாரியங்களும் இம்முறையைக் கைவிட முடிவு செய்தன. ஆனால் அந்த ஆண்டுத் தேர்வுகள் அதற்குள் நடந்து முடிந்திருந்தன. வழக்கை விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், மே 23 அன்று, அந்த ஆண்டுக்குப் பழைய முறையே தொடர வேண்டும் என இடைக்கால உத்தரவிட்டது. தேர்வு எழுதிய பின் விதியை மாற்றலாகாது என்பதே அதன் அடிப்படை. ஐந்து நாள் கழித்து, மே 28 அன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாயின.

வினாவே தவறாகவோ பொருத்தமற்றதாகவோ இருந்தால் நிலைமை தெளிவானது. 2021 டிசம்பரில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் பெண்களைக் குறித்து இடம்பெற்ற ஒரு பத்தி கடும் எதிர்ப்புக்கு உள்ளானபோது, வாரியம் அப்பகுதியை நீக்கி அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கியது. ஆனால் 'கடினம்' என்பது 'பிழை' ஆகாது. நேரடிப் பாடநூல் கணக்குகளைக் குறைத்து, அறிந்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தச் செய்யும் திறன்சார் வினாக்களுக்கு இடம் கூட்டுவது வாரியத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை; இரு வகுப்புகளிலும் அவற்றின் பங்கு இப்போது 50 சதவீதம். மாணவர்கள் 'பாடத்துக்கு வெளியே இருந்து வந்தது' என்று கூறும் வினாக்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. அத்தகைய தாளுக்குக் கூடுதல் மதிப்பெண் வரும் என்று கணக்கிட்டுக் காத்திருப்பது பாதுகாப்பானதல்ல.

ஏ1 என்பது 91 அல்ல

கடினமான தாளுக்குப் பின் உண்மையில் ஆறுதல் தரக்கூடியது வேறொன்று. அதைப் பெற்றோர்களில் பலரும் அறிந்திருப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் பாடந்தோறும் மதிப்பெண்ணுடன் ஒரு தரநிலையும் அச்சிடப்படும். 91 முதல் 100 வரை பெற்றால் ஏ1 என்ற எண்ணம், தொடர் மதிப்பீட்டு முறை இருந்த ஆண்டுகளில் பத்தாம் வகுப்பில் நடைமுறையில் இருந்த அளவுகோலிலிருந்து வந்தது. பொதுத் தேர்வில் இப்போது பின்பற்றப்படுவது ஒப்பீட்டுத் தரநிலை.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்ற அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2, தொடர்ந்து பி1, பி2, சி1, சி2, டி1, டி2 என வழங்குகின்றனர். ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் இரு பிரிவுகளுக்கு நடுவே விழுந்தால் அவர்களைப் பிரிப்பதில்லை. சிறிய பகுதி பெரிய பகுதியுடன் சேரும். தேர்ச்சி பெறாதவருக்கு ஈ.

இதன் விளைவு எளிது. எட்டு இலட்சம் பேர் தேர்ச்சி பெற்றதாக வைத்துக்கொண்டால், தாள் எளிதாக இருந்தாலும் கடினமாக இருந்தாலும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் ஏ1 பெறுவர். தாள் கடினமானால் ஏ1-க்கான எல்லை தானாகக் கீழிறங்கும். எனவே 'எனக்கு 85-தான் வரும், ஏ1 போய்விட்டது' என்று தேர்வு நாளன்று ஒருவர் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. 'எனக்கு 93 உறுதி, ஏ1 வந்துவிட்டது' என்பதற்கும் இல்லை. எல்லை எங்கே விழும் என்பது அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்ற அனைவரின் மதிப்பெண்ணும் தெரிந்த பின்னரே தீர்மானமாகும்.

ஆனால் இந்த ஆறுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பீட்டு முறை தரநிலைக்கு மட்டுமே. மதிப்பெண் அப்படியே நிற்கும். மேற்படிப்புச் சேர்க்கையில் கேட்கப்படுவது பெரும்பாலும் மதிப்பெண்தான்.

மதிப்பெண் எங்கெல்லாம் எண்ணப்படுகிறது

மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் எடை குறைந்துவிட்டது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்குத் தகுதி மதிப்பெண் 100 சதவீதம் என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பொது நுழைவுத் தேர்வு வந்தது. அங்கு ஒரு வினாவில் போன மதிப்பெண் இப்போது இடத்தைப் பறிப்பதில்லை.

ஐஐடி, என்ஐடி சேர்க்கையில் நிலைமை வேறு. நுழைவுத் தேர்வில் தேறினாலும், பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் பெற்றிருக்க வேண்டும் அல்லது தமது வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்திருக்க வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 65 சதவீதம். 74-க்கும் 75-க்கும் இடையே நிற்கும் மாணவருக்குக் கணிதத் தாளின் அந்த இரண்டு மூன்று படிகள் உண்மையாகவே பெரிது.

தமிழ்நாட்டில் சிபிஎஸ்இ பயின்று மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்குச் செல்வோருக்குக் கணிதம் நேரடியாகவே எண்ணப்படுகிறது. 200-க்கான தகுதி மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100; இயற்பியலும் வேதியியலும் தலா 50. அதாவது மற்ற இரு பாடங்களில் ஒரு மதிப்பெண் குறைந்தால் அரை குறையும், கணிதத்தில் குறைந்தால் ஒன்று முழுதாகக் குறையும். வேறு வாரிய மாணவர்களின் மதிப்பெண்கள் அந்த வாரியத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச மதிப்பெண்ணை 100 எனக் கொண்டு விகிதப்படி மாற்றப்படுகின்றன. அதிகபட்சம் 90 ஆக இருக்கும் பாடத்தில் 60 பெற்றவருக்கு அது 66.66 ஆகக் கொள்ளப்படும். ஆனால் இலட்சக்கணக்கானோர் எழுதும் வாரியத்தில் எவ்வளவு கடினமான தாளிலும் யாரேனும் 100 பெற்றுவிடுவதால், நடைமுறையில் இந்தச் சமன்பாடு சிபிஎஸ்இ மாணவருக்கு அதிகம் உதவுவதில்லை.

ஒப்பீடு பொருந்தும் தேர்வு

விடையை ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் கணக்கிடும் பழக்கம் ஜேஇஇ முதன்மைத் தேர்விலிருந்தும் வந்திருக்கலாம். அங்கு அது பொருந்தும். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்குக் கழிவு ஒன்று, படிகளுக்கு இடமில்லை. தேசியத் தேர்வு முகமையே தற்காலிக விடைக்குறிப்பையும் தேர்வர் பதிவு செய்த விடைகளையும் வெளியிடுகிறது. வினா ஒன்றுக்கு 200 ரூபாய் செலுத்தி மறுப்புத் தெரிவிக்கவும் இயலும். அங்கும் தரவரிசையைத் தீர்மானிப்பது கூட்டி வரும் மதிப்பெண் அல்ல. பல அமர்வுகளின் கடுமையைச் சமன் செய்து, ஏழு தசம இடம் வரை கணக்கிடப்படும் சதமானமே. பொதுத் தேர்வின் விடைத்தாளை இந்தக் கண்ணாடி வழியே பார்ப்பதுதான் பிழை.

மதிப்பிட்டே ஆக வேண்டுமெனில்

கணக்கிடாதே என்று சொல்வதால் யாரும் கணக்கிடாமல் இருக்கப்போவதில்லை. அதை ஒழுங்காகச் செய்யலாம். வினாத்தாளைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே 'முழுதும் சரி', 'ஓரளவு', 'எழுதவில்லை' என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பதே போதுமானது. எடுத்துக்காட்டாக, முழுதும் சரி எனக் கருதுபவை 46 மதிப்பெண், ஓரளவு எழுதியவை 20, விட்டவை 14 என வந்தால், எழுத்துத் தேர்வின் மதிப்பெண் 46-க்கும் 66-க்கும் இடையே இருக்கும். அகமதிப்பீட்டில் 18 எனில் மொத்தம் 64 முதல் 84 வரை. ஓரளவு எழுதியவற்றில் சமன்பாடு அமைத்ததும் சூத்திரத்தில் மதிப்புகளைப் பொருத்தியதும் சரியென்றால் மேல் எல்லையை நோக்கி நகரலாம். ஓர் எண் கிடைக்காது, ஓர் இடைவெளியே கிடைக்கும். நேர்மையான விடை அதுதான். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு அகமதிப்பீட்டையும் சேர்த்து 33 போதும் என்பதால், தேர்ச்சியே ஐயம் என்று அஞ்சுவோரில் பலருக்கு இந்தக் கணக்கு அச்சத்தைத் தணிக்கும்.

இதை அன்றே செய்ய வேண்டியதும் இல்லை. அடுத்த தாளுக்கு இரண்டு நாள் மட்டுமே இருக்கையில், முடிந்த தாளின் மூன்று மதிப்பெண்ணைத் தேடிச் செலவிடும் மாலை, வரவிருக்கும் தாளில் அதைவிட அதிகமாக இழக்கச் செய்யும் என்பது ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கூறுவது. கலக்கம் அதிகமாகி உறக்கமோ உணவோ கெட்டால், வாரியத்தின் கட்டணமில்லா ஆலோசனை எண் 1800-11-8004. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம்.

முடிவு வந்த பின்

இறுதி எண் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் வழிகள் உள்ளன. திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது தேர்வரின் உரிமை என்பதை, சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் உறுதி செய்தது. முன்னர், முதலில் மதிப்பெண் சரிபார்ப்பு, பின்னர் விடைத்தாள் நகல், அதன்பின் மறுமதிப்பீடு என்ற வரிசை இருந்தது. என்ன எழுதினோம், எங்கே குறைந்தது என்று தெரியாமலே முதல் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. 2025 முதல் நகலை முதலில் பெறலாம். அந்த ஆண்டில் நகலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 700 ரூபாய், பத்தாம் வகுப்பில் 500 ரூபாய். சரிபார்ப்புக்கு 500 ரூபாய். மறுமதிப்பீட்டுக்கு வினா ஒன்றுக்கு 100 ரூபாய். கட்டணமும் கடைசி நாளும் ஆண்டுதோறும் முடிவுகளுக்குப் பின் அறிவிக்கப்படும். கால அவகாசம் சில நாள்களே.

முடிவுகளுக்குப் பின் வாரியத்தின் இணையதளத்தில் அந்தந்தத் தாளின் மதிப்பீட்டுத் திட்டமும் கிடைக்கும். நகலையும் அதையும் அருகருகே வைத்துப் படிவாரியாகப் பார்த்த பின்னரே மறுமதிப்பீடு கோரும் வினாக்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் புதிய மதிப்பெண்ணே செல்லும்.

மதிப்பெண்ணை உயர்த்த விரும்பும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 2026 முதல் இரண்டாவது பொதுத் தேர்வு உள்ளது. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வு கட்டாயம். மே மாதத்தில் நடைபெறும் இரண்டாவது தேர்வில் கணிதம் உள்ளிட்ட மூன்று பாடங்கள் வரை மீண்டும் எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அதுவே இறுதி. அகமதிப்பீடு மட்டும் ஒருமுறையே. பன்னிரண்டாம் வகுப்பினர் துணைத் தேர்வில் ஒரு பாடத்தை மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முடியும்.